ஹாக்ஸ்ஹெட்டில் நான்கு நாள்: ஐந்து மைலைத் தாண்ட வேண்டாம்

கேள்வி இதுதான். லண்டனில் இருக்கும் ஒரு தமிழ்க் குடும்பம், மே கடைசி வாரப் பள்ளி விடுமுறைக்கு, இங்கிலாந்தின் வடமேற்கில் மலையும் ஏரியுமாக இருக்கும் லேக் டிஸ்ட்ரிக்ட் போகிறது. ஹாக்ஸ்ஹெட் என்ற கிராமத்தில் நான்கு இரவுக்கு வீடு எடுத்தாயிற்று. கணவன், மனைவி, ஏழு வயதுப் பெண், ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா. அம்மாவுக்கு முழங்கால் வலி. கையில் பதினான்கு இடங்கள் கொண்ட பட்டியல்: விண்டர்மியர், கெசிக், கிராஸ்மியர், ஸ்கஃபெல் பைக், ஹார்ட்நாட் கணவாய் என்று நீள்கிறது. எதை விடலாம், எதைச் சேர்க்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

பதினான்கில் பத்தை விட்டுவிடுங்கள். நீங்கள் தங்கும் வீட்டு வாசலிலிருந்து ஐந்து மைல் தூரத்துக்குள் நான்கு நாளுக்கு வேண்டியதற்கு மேலேயே இருக்கிறது. நான் பல வருடமாக வட இங்கிலாந்தில் இருக்கிறேன், ஊரிலிருந்து யார் வந்தாலும் அங்கேதான் கூட்டிப்போவது வழக்கம். முதல் தடவை நானும் உங்களை மாதிரி ஒரு பட்டியலோடு போனவன்தான். ஒரே நாளில் ஆறு ஏரி. பார்த்தது என்னவோ ஆறு கார் பார்க்கிங் மெஷின்களையும் முன்னால் போன கேரவனின் முதுகையும்தான்.

வரைபடம் இங்கே ஏமாற்றும். கெசிக் இருபது மைல் சொச்சம்தானே, அரை மணி நேரத்தில் போய்விடலாம் என்று தோன்றும். ஆனால் ஏரிகள் எல்லாம் ஒரு சக்கரத்தின் ஆரக்கால்கள் மாதிரி நடுவிலிருந்து நாலாபக்கமும் நீண்டு கிடக்கின்றன, நடுவில் மலை. ஒரு பள்ளத்தாக்கிலிருந்து பக்கத்துப் பள்ளத்தாக்குக்குப் போக ஒன்று சுற்றிப்போக வேண்டும், இல்லையென்றால் கணவாய் ஏற வேண்டும். விடுமுறை வாரத்தில் ஆம்பிள்சைடு ஊரைத் தாண்டுவதற்கே பொறுமை வேண்டும்.

பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் பலகைகளைப் படிக்க உதவும். மலையை அங்கே ஃபெல் என்பார்கள், ஓடை பெக், மலைமேல் இருக்கும் சின்ன ஏரி டார்ன். எல்லாம் ஆயிரம் வருடத்துக்கு முன்னால் வந்து குடியேறிய வைக்கிங் மக்கள் விட்டுப்போன சொற்கள். ஹாக்ஸ்ஹெட்டும் அப்படித்தான், ஹௌக்கர் என்பவனின் கோடைகால மேய்ச்சல் நிலம் என்று பொருள். விண்டர்மியரில் இருக்கும் 'மியர்' என்பதே ஏரிதான், அதனால் 'லேக் விண்டர்மியர்' என்பது நம்மூர் 'நடு சென்டர்' மாதிரி. அத்தனை ஏரிகள் இருக்கும் அந்த வட்டாரத்தில் பெயரிலேயே 'லேக்' உள்ளது பேசென்த்வைட் ஒன்றுதான் என்று உள்ளூர்க்காரர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

சரி, ஊருக்கு வருவோம். ஹாக்ஸ்ஹெட்டின் நடுவில் காருக்கு இடமில்லை. ஊர் ஓரத்தில் ஒரு பெரிய கட்டணப் பார்க்கிங் இருக்கிறது, அங்கே விட்டுவிட்டு நடக்க வேண்டியதுதான். வெள்ளையடித்த வீடுகள், தெருவுக்கு மேலேயே நீட்டிக்கொண்டிருக்கும் மாடிகள், ஒருவர் போனால் இன்னொருவர் ஒதுங்க வேண்டிய சந்துகள். நடுக்காலத்தில் இந்த ஊர் ஃபர்னஸ் மடத்துத் துறவிகளுக்குச் சொந்தம். சுற்றியுள்ள மலைகளில் மேய்ந்த ஆடுகளின் கம்பளி வியாபாரம்தான் ஊரை வளர்த்தது. மடத்தின் மிச்சமாக ஊருக்கு வெளியே ஒரு பழைய கோர்ட்ஹவுஸ் கட்டடம் மட்டும் நிற்கிறது. முழு ஊரையும் இருபது நிமிடத்தில் சுற்றிவிடலாம், அதனால் முதல் நாள் மாலை வந்து இறங்கியதும் இதை முடித்துவிடுங்கள். மே கடைசியில் ஒன்பதரை மணி வாக்கில்தான் சூரியன் மறையும், பகல்நேரப் பயணிகள் போன பிறகு ஊர் உங்களுக்கே.

தேவாலயத்துக்குக் கீழே இருக்கும் பழைய பள்ளிக்கூடத்தைத் தவறவிட வேண்டாம். 1585இல் யார்க் பேராயர் எட்வின் சாண்டிஸ் ஆரம்பித்தது. கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் 1779 முதல் 1787 வரை இங்கேதான் படித்தார். அவர் தன் பெயரைச் செதுக்கிய மேசை இன்னும் இருக்கிறது. நம் ஊரில் பெஞ்சில் காம்பஸால் பெயர் செதுக்கி அடி வாங்கியவர்கள் எல்லாம் மனதைத் தேற்றிக்கொள்ளலாம். 1909இல் பள்ளியை மூடிவிட்டார்கள், இப்போது சின்ன அருங்காட்சியகம். ஒரு விஷயம்: நம் பள்ளிப் பாடத்தில் வந்த அந்த டாஃபடில் பூக்களை இங்கே தேடாதீர்கள். அவர் தங்கையோடு அவற்றைப் பார்த்தது 1802 ஏப்ரலில், அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில். அது வேறு பள்ளத்தாக்கு, தவிர மே கடைசியில் பூவெல்லாம் முடிந்திருக்கும்.

உங்கள் மகளுக்காக அடுத்தது ஹில் டாப். ஹாக்ஸ்ஹெட்டிலிருந்து இரண்டு மைல், நியர் சாரே என்ற குட்டிக் கிராமத்தில். பீட்டர் ராபிட் கதைகளை எழுதி வரைந்த பீட்ரிக்ஸ் பாட்டரின் வீடு. 1902இல் அந்த முயல் புத்தகம் வந்து நன்றாக விற்றது. 1905இல் அவருக்கு நிச்சயமான ஒரு மாதத்திலேயே, மணக்கவிருந்த நார்மன் வார்ன் இறந்துபோனார். அதே வருடம் அந்தப் பெண் லண்டனை விட்டுத் தள்ளி, தன் பெயரில் இந்தப் பண்ணையை வாங்கினார். வீடு ரொம்பச் சின்னது, உள்ளே வெளிச்சம் குறைவு, ஒரு நேரத்தில் சிலரைத்தான் விடுவார்கள். தான் வைத்துவிட்டுப் போன மாதிரியே இருக்க வேண்டும் என்று பாட்டர் சொல்லிவிட்டதால் நாற்காலி, தட்டு, கடிகாரம் எல்லாம் அப்படியே. அவர் வரைந்த படத்தையும் அந்த மூலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம், படிக்கட்டு, அடுப்பங்கரை, தோட்டத்துக் கதவு என்று உங்கள் பெண் கண்டுபிடித்துக்கொண்டே போவாள். போவதற்கு முன்னால் நாலைந்து கதைகளையாவது படித்துக்காட்டிவிடுங்கள். படிக்காமல் போனால் அது ஒரு பழைய இருட்டு வீடு, அவ்வளவுதான்.

ஆனால் எனக்குப் பிடித்த பாட்டர் முயல் பாட்டர் இல்லை. 1913இல், நாற்பத்தேழு வயதில், ஹாக்ஸ்ஹெட்டில் வக்கீலாக இருந்த வில்லியம் ஹீலிஸைக் கல்யாணம் செய்துகொண்டார். அதன் பிறகு கிட்டத்தட்ட முழுநேர ஆட்டுப் பண்ணைக்காரி. புத்தகத்தில் வந்த பணத்தையெல்லாம் பண்ணை பண்ணையாக வாங்கிப் போட்டார், அதுவும் வீடு கட்டி விற்பவர்கள் கைக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக. 1943இல் இறந்தபோது 4,000 ஏக்கருக்கு மேல், பழைய கட்டடங்களையும் நிலங்களையும் காக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளைக்கு எழுதி வைத்துவிட்டுப் போனார், பண்ணைகளில் உள்ளூர் இனமான ஹெர்ட்விக் ஆடுகளையே வளர்க்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. அஸ்தியைத் தூவிய இடம் எது என்று வெளியே தெரியாது. இந்த நான்கு நாளில் நீங்கள் நடக்கப்போகும் நிலத்தில் பாதி இந்த அம்மாள் கையால் தப்பித்தது என்று நினைத்துக்கொண்டு பாருங்கள், வேலிகளும் கொட்டகைகளும்கூட வேறு மாதிரி தெரியும். ஹீலிஸின் அலுவலகமாக இருந்த கட்டடத்தில், ஹாக்ஸ்ஹெட் நடுவிலேயே, பாட்டரின் மூல ஓவியங்களுக்காக ஒரு காலரி வைத்தார்கள். திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு போங்கள், அங்கே பல இடங்கள் வருடா வருடம் நாளையும் நேரத்தையும் மாற்றுகின்றன.

ஆடு பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஹெர்ட்விக் குட்டி பிறக்கும்போது கறுப்பு, வளர வளரப் பழுப்பாகி, அப்புறம் சாம்பல் நிறமாகிவிடும், முகம் மட்டும் வெள்ளை. மற்ற ஆடுகளைவிட இவை தாமதமாகத்தான் குட்டி போடும், அதனால் மே கடைசியில் கறுப்புக் குட்டிகள் துள்ளிக்கொண்டிருப்பதைக் கட்டாயம் பார்ப்பீர்கள். மலைமேல் வேலி கிடையாது. ஆனாலும் ஒவ்வொரு மந்தையும் தன் எல்லைக்குள்தான் மேயும், தாய் ஆடு குட்டிக்குக் காட்டிக்கொடுக்க, அந்தக் குட்டி தன் குட்டிக்குக் காட்டிக்கொடுக்க, தலைமுறையாக அப்படியே வருகிறது. 2001இல் கோமாரி வந்தபோது பெரிய பயமே இதுதான். மந்தையை அழித்துவிட்டால் ஆட்டை வேறு இடத்தில் வாங்கிவிடலாம், அந்த மலையைத் தெரிந்த ஆட்டை வாங்க முடியாது. பழைய இடையர்கள் ஆட்டை எண்ணும் முறையும் வேடிக்கை: யான், டான், டெதெரா, மெதெரா, பிம்ப். அவர்களுக்கு யான் என்றால் ஒன்று. நமக்கு யார் என்று உங்கள் அம்மாவிடம் கேளுங்கள்.

அம்மாவுக்கான இடம் டார்ன் ஹவ்ஸ். இதுவும் இரண்டு மைல்தான். ஏரியைச் சுற்றி இரண்டு மைலுக்குக் கொஞ்சம் குறைவான பாதை, சரளை போட்டு நிரவியது, தள்ளுவண்டிகளும் சக்கர நாற்காலிகளும் போகும். சில இடங்களில் மட்டும் மெல்லிய ஏற்றம். அங்கங்கே பெஞ்ச் இருக்கிறது. முழுச் சுற்று வேண்டாமென்றால் கார் பார்க்கிங் பக்கத்துப் புல்மேட்டில் உட்கார்ந்தாலே லாங்டேல் மலைகளின் இரட்டை முகடுகள் வரை தெரியும். சுற்றுலாப் பயணிகள் எல்லோரும் 'இயற்கை அழகு' என்று வாயைப் பிளக்கும் இந்த ஏரி உண்மையில் செயற்கை. மூன்று சின்னச் சதுப்புக் குட்டைகளாக இருந்ததை, லீட்ஸ் நகரில் ஆளி நூல் ஆலையில் சம்பாதித்த மார்ஷல் குடும்பத்து ஜேம்ஸ் கார்த் மார்ஷல் 19ஆம் நூற்றாண்டில் ஒரு அணை கட்டி ஒன்றாக்கி, சுற்றிலும் மரம் நட்டார். 1930இல் அந்த எஸ்டேட் விலைக்கு வந்தபோது மொத்தமாக வாங்கியது யார் தெரியுமா? அதே பாட்டர்தான். வாங்கியதில் பாதியை, ஏரியோடு சேர்த்து, வாங்கிய விலைக்கே நேஷனல் டிரஸ்ட்டுக்குக் கொடுத்தார்.

பாதை ஓரத்தில் விழுந்து கிடக்கும் மரத்தண்டுகளில் செதில் செதிலாக ஏதோ மின்னும். கிட்டப் போய்ப் பார்த்தால் நாணயங்கள், ஒவ்வொருவரும் கல்லால் அடித்து மரத்துக்குள் இறக்கியவை. வேண்டுதல்தான். நம்மூர்க் கோயில் மரத்தில் தொட்டில் கட்டுவதைப் பார்த்து வளர்ந்த என் பெரியம்மா அங்கே நின்று, "இவங்களுக்கும் இதெல்லாம் உண்டா" என்று கேட்டுவிட்டு, பர்ஸிலிருந்து ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்தார். காலையில் பத்து மணிக்கு முன்னால் போய்விடுங்கள், பார்க்கிங் நிரம்பிவிடும். போகும் சாலையும் குறுகல், செங்குத்து.

மூன்றாவது நாளுக்குக் கோனிஸ்டன் என்ற ஏரிக்கரை ஊர். நான்கு மைல். 505 பேருந்து விண்டர்மியர் பக்கத்திலிருந்து ஆம்பிள்சைடு, ஹாக்ஸ்ஹெட் வழியாகக் கோனிஸ்டன் போகிறது, அன்று காரைத் தொடாமலே போய் வரலாம். நேரப் பட்டியலை மட்டும் முதல்நாளே போனில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பள்ளத்தாக்குகளில் சிக்னல் கிடைக்காது.

இந்த ஏரியில் ஒரு சோகக் கதை இருக்கிறது. டொனால்ட் கேம்பல் என்பவர் தண்ணீர் மேல் வேகச் சாதனைகளைத் தொடர்ந்து முறியடித்தவர், அவருடைய ஜெட் படகு புளூபேர்ட். மணிக்கு 300 மைலைத் தாண்ட வேண்டும் என்று 1967 ஜனவரி 4 அன்று இங்கே இறங்கினார். சாதனை என்று கணக்கில் வர, போகும் ஓட்டம் வரும் ஓட்டம் இரண்டின் சராசரியை எடுப்பார்கள். போகும்போது 297 மைல். திரும்பி வரும்போது 300ஐத் தாண்டியபின் படகின் மூக்கு மேலே தூக்கி, காற்றில் புரண்டு, தண்ணீரில் அடித்து மூழ்கியது. அவர் எப்போதும் கூட வைத்திருந்த கரடிப் பொம்மை மட்டும் மிதந்து வந்தது. படகையும் அவர் உடலையும் 2001இல்தான் எடுத்தார்கள். சீர்செய்த புளூபேர்ட் 2024 மார்ச்சில் கோனிஸ்டனுக்கே திரும்பிவந்து ரஸ்கின் மியூசியத்தில் நிற்கிறது. அந்த நீல நிறத்துக்கு முன்னால் நின்றால், வெளியே தெரியும் சாதுவான ஏரியில் இது ஓடியது என்று நம்பவே முடியாது. மியூசியம் சின்னது, ஒரு மணி நேரம் போதும். இந்த மலைகளில் தோண்டிய செம்பு, ஸ்லேட் பற்றியும் உள்ளே கொஞ்சம் இருக்கிறது. ஓல்ட் மேன் என்று அவர்கள் கூப்பிடும் அந்த மலை முழுக்க சுரங்கக்காரர்கள் குடைந்ததுதான்.

மியூசியத்தின் பெயரில் இருக்கும் 19ஆம் நூற்றாண்டு எழுத்தாளர் ஜான் ரஸ்கினின் வீடு எதிர்க்கரையில், பிராண்ட்வுட். கோனிஸ்டன் படகுத்துறையிலிருந்து லாஞ்சில் போவதுதான் சரியான வழி, தண்ணீரிலிருந்து பார்க்கும்போதுதான் ஏன் அந்த மனிதர் 1871இல் வீட்டைப் பார்க்காமலேயே 1,500 பவுண்டுக்கு வாங்கினார் என்று புரியும். அவருக்கு அந்தச் சரிவும் எதிரில் இருக்கும் மலையும் ஏற்கெனவே தெரியும், வீடு எப்படி இருந்தால் என்ன என்று வாங்கிவிட்டார். 1900இல் சாகும்வரை அங்கேதான். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் புதைக்க இடம் தருகிறோம் என்றார்கள், வேண்டாம் என்று கோனிஸ்டன் தேவாலயத் தோட்டத்திலேயே கிடக்கிறார். மாடியில் மூலையில் ஒட்டிவைத்த மாதிரி ஒரு சின்னக் கோபுர அறை, சுற்றிலும் கண்ணாடி, அங்கே உட்கார்ந்து ஏரியைப் பார்த்துக்கொண்டிருப்பாராம்.

நம்மவர்கள் பலர் இந்த வீட்டை, யாரோ ஓவிய விமர்சகர் என்று தாண்டிப் போய்விடுகிறார்கள். உங்கள் அம்மாவிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: 1904இல் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்குப் போகும் ரயிலில் ஒரு நண்பர் கொடுத்த புத்தகத்தைக் காந்தி கீழே வைக்காமல் படித்தார், தூக்கமே வரவில்லை, கொஞ்ச நாளில் ஃபீனிக்ஸ் பண்ணையை ஆரம்பித்தார். அது ரஸ்கின் எழுதிய 'அன்டூ திஸ் லாஸ்ட்'. அதைக் குஜராத்தியில் சுருக்கி எழுதியபோது காந்தி வைத்த தலைப்புதான் 'சர்வோதய'. நம் ஊர்களில் கதர் வேட்டியும் தேனும் விற்கும் சர்வோதய சங்கக் கடைப் பலகையில் இருக்கும் அதே சொல். என் பெரியம்மா மொத்தப் பயணத்திலும் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டது இந்த ஒன்றைத்தான். வீட்டுக்குள் படி உண்டு, அவருக்கு முடியாவிட்டால் வெளித் தோட்டத்தில் உட்கார்ந்தாலே போதும். கோண்டோலா என்று 1859இல் விட்ட நீராவிப் படகு ஒன்றும் இந்த ஏரியில் உண்டு. உடைந்து கிடந்ததை நேஷனல் டிரஸ்ட் 1980இல் மறுபடி ஓடவிட்டது. அவ்வப்போது பழுதுபார்க்க நிறுத்திவிடுவார்கள், ஓடினால் உங்கள் அதிர்ஷ்டம்.

விண்டர்மியரைப் பார்க்காமல் எப்படி என்று கேட்பீர்கள். பாருங்கள், ஆனால் எதிர்க்கரை ஊரான போனெஸ் பக்கத்துக் கூட்டத்திலிருந்து இல்லை, உங்கள் பக்கக் கரையிலிருந்து. ஹில் டாப்பைத் தாண்டி இன்னும் கொஞ்சம் போனால் ஃபெர்ரி வரும். கம்பியைப் பிடித்துக்கொண்டு குறுக்கே போய்வரும் தட்டைப் படகு, ஒரு தடவைக்குப் பதினெட்டு கார், பத்து நிமிடப் பயணம். விடுமுறை நாளில் காரோடு வரிசையில் நிற்பது தண்டனை. காரை இந்தக் கரையிலேயே விட்டுவிட்டு வெறும் ஆளாக ஏறி, அந்தக் கரைக்குப் போய்த் திரும்பி வாருங்கள், சில்லறைக் காசில் ஏரியைக் கடந்த மாதிரி இருக்கும், மகளுக்கும் பிடிக்கும்.

ஃபெர்ரித் துறைக்கு மேலே மரங்களுக்கு நடுவில் ஒரு இடிந்த கட்டடம், கிளேஃப் வியூயிங் ஸ்டேஷன். இதைத்தான் நான் எல்லோரிடமும் பிடிவாதமாகச் சொல்வது. 1790களில் கட்டினார்கள், வேலை என்னவென்றால் ஏரியைப் பார்ப்பது மட்டும். ஜன்னல்களில் வண்ணக் கண்ணாடி: மஞ்சள் வழியாகப் பார்த்தால் கோடை, ஆரஞ்சு வழியாக இலையுதிர் காலம், கருநீலம் வழியாக நிலா வெளிச்சம். அந்தக் காலத்துப் பயணிகள் கையில் இன்னொன்றும் வைத்திருப்பார்கள், இருண்ட, குவிந்த முகம்பார்க்கும் கண்ணாடி ஒன்று. ஏரிக்கு முதுகைக் காட்டி நின்று, கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை ரசிப்பார்கள், அதில்தான் ஓவியம் மாதிரித் தெரியுமாம். ஃபில்டரும் செல்ஃபியும் நம் காலத்துக் கெட்ட பழக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நேஷனல் டிரஸ்ட் கட்டடத்தைச் சீர்செய்து வண்ணக் கண்ணாடிகளைத் திரும்ப வைத்திருக்கிறது. ஏறுவது சில நிமிடம்தான், ஆனால் செங்குத்துப் படிகள், அம்மா கீழே ஏரிக்கரையில் இருக்கட்டும்.

அதே கரையில் வடக்கே போனால் ரே காசில். கோட்டை மாதிரி இருக்கும், கோட்டை இல்லை. லிவர்பூல் டாக்டர் ஒருவர், மனைவி வீட்டு ஜின் வியாபாரப் பணத்தில், 1840களில் கட்டிய பங்களா. 1882இல் பதினாறு வயதுப் பாட்டர் குடும்பத்தோடு கோடை விடுமுறைக்கு வந்து தங்கியது இங்கே. அப்போது பக்கத்துத் தேவாலயத்தில் பாதிரியாராக இருந்த ஹார்ட்விக் ரான்ஸ்லியோடு அறிமுகம். அவர்தான் பின்னால், 1895இல், இன்னும் இருவரோடு சேர்ந்து நேஷனல் டிரஸ்டைத் தொடங்கினார். ஒரு விடுமுறை எங்கே போய் முடிந்தது பாருங்கள். உள்ளே பார்க்கப் பெரிதாக ஒன்றுமில்லை, தோட்டத்தையும் ஏரிக்கரையையும் பார்த்துவிட்டு வந்துவிடலாம்.

கிரைஸ்டேல் காடு தெற்கே மூன்று மைல். 1977இலிருந்து சிற்பிகளை வரவழைத்து, காட்டிலேயே கிடைக்கும் மரத்திலும் கல்லிலும் செய்யவைத்து, அங்கேயே விட்டுவிடுகிறார்கள். சில சிற்பங்கள் மக்கிப் பாசிபிடித்து, மரமா சிற்பமா என்று தெரியாத நிலையில் இருக்கும், அதுதான் அழகு. குழந்தைகளுக்கென்று குட்டிப் பாதைகள், சைக்கிள் வாடகை, மரத்துக்கு மரம் கயிற்றில் தாவும் விளையாட்டு எல்லாம் உண்டு. இரண்டாம் உலகப் போரில் இங்கே இருந்த மாளிகையில் பிடிபட்ட ஜெர்மன் அதிகாரிகளை அடைத்து வைத்திருந்தார்கள், நீர்மூழ்கிக்காரர்கள் நிறைய இருந்ததால் 'யூ-போட் ஹோட்டல்' என்று பட்டப்பெயர். ஃபிரான்ஸ் ஃபான் வெர்ரா என்ற விமானி 1940 அக்டோபரில் நடைப்பயிற்சிக்குக் கூட்டிப்போனபோது சுவர் தாண்டி ஓடினார், சில நாள் மழையில் மலையில் அலைந்து பிடிபட்டார். அப்புறம் கனடாவுக்கு அனுப்பியபோது ரயிலிலிருந்து குதித்து ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார். மாளிகையை 1957இல் இடித்துவிட்டார்கள். மழை நாளுக்கு இந்தக் காடு நல்லது, மரத்தடியில் பாதி மழைதான் விழும்.

மழை கட்டாயம் உண்டு. அட்லாண்டிக்கிலிருந்து வரும் ஈரக்காற்று முதலில் முட்டும் மலைகள் இவை. 2015 டிசம்பர் முதல் வாரத்தில் சென்னை மூழ்கிக் கிடந்ததே, அதே வாரம், டிசம்பர் 5ஆம் தேதி, இங்கே ஹானிஸ்டர் கணவாயில் 24 மணி நேரத்தில் 341 மி.மீ. கொட்டி பிரிட்டன் சாதனை ஆனது. எனக்கு அந்த வாரம் இரண்டு பக்கமும் போன். மே மாதத்தில் அப்படியெல்லாம் இருக்காது, ஆனால் குடையை வீட்டிலேயே விட்டுவிடுங்கள், மலைக்காற்றில் அது உள்பக்கம் வெளியே வந்துவிடும். தலைமூடியோடு இருக்கும் மழைக் கோட்டு, நனையாத ஷூ. புடவையோடு நடக்க அம்மா பிடிவாதம் பிடித்தால் கீழே ஒரு தெர்மல் பேன்ட் போடச் சொல்லுங்கள்.

இனி நீக்க வேண்டியவை. ஸ்கஃபெல் பைக் 978 மீட்டர், இங்கிலாந்திலேயே உயரம். ஏறி இறங்க ஆறேழு மணி நேரம், கரடுமுரடான பாறை, உச்சியில் பாதி நாள் மேகம்தான். ஏழு வயதோடு வேண்டாம். அதற்குப் பதில் ஹாக்ஸ்ஹெட் வீட்டு வாசலிலிருந்தே நடந்து லேட்டர்பாரோ ஏறுங்கள். 250 மீட்டர்கூடக் கிடையாது, உச்சியில் கல்லால் கட்டிய ஒரு உயரமான தூண், விண்டர்மியர் முழுக்கக் காலடியில். உங்கள் மகள் 'மலை ஏறினேன்' என்று பள்ளியில் சொல்லிக்கொள்ளலாம், பொய்யும் இல்லை.

ஹார்ட்நாட் கணவாய்: மூன்றடி போனால் ஓரடி ஏறும் சாலை, ஒரு கார் அகலம், வளைவில் எதிரே யாராவது வந்தால் ஒருவர் பின்னால் போக வேண்டும். மேலே ரோமானியர் கட்டிய கோட்டையின் மிச்சம் அருமையாக இருக்கிறது, உண்மைதான். ஆனால் நான் அங்கே வாடகைக் காரின் பக்கக் கண்ணாடியை ஒரு கல்சுவருக்குக் காணிக்கையாகக் கொடுத்தேன், அதற்கு வாடகை நிறுவனம் எடுத்துக்கொண்ட தொகையில் இன்னொரு நாள் தங்கியிருக்கலாம். சாதாரணச் சாலைகளிலும் இதே கல்சுவர்கள்தான், சுண்ணாம்போ சிமெண்டோ இல்லாமல் அடுக்கியவை, பார்க்க அழகு, உரசினால் காருக்குத்தான் நஷ்டம்.

ஒரே ஒரு விதிவிலக்கு கிராஸ்மியர். ஐந்து மைலுக்கு வெளியேதான், ஆனால் ஆம்பிள்சைடு வரை 505 பிடித்து அங்கே மாறிப் போய்விடலாம். வேர்ட்ஸ்வொர்த் 1799 முதல் 1808 வரை இருந்த டவ் காட்டேஜ் இருக்கிறது. தேவாலய வாசலில் 1854இலிருந்து ஜிஞ்சர்பிரெட் விற்கும் கடை, செய்முறை ரகசியம். பிஸ்கட்டும் இல்லாமல் கேக்கும் இல்லாமல் இருக்கும், சுக்குக் காரம் நாக்கில் நிற்கும். அம்மாவுக்கு அது ஒன்றுதான் வாய்க்குப் பிடிக்கப்போகிறது என்று நினைக்கிறேன்.

சாப்பாடு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஹாக்ஸ்ஹெட் பப்களில் எட்டரை மணிக்கு மேல் போய்ச் சமையல் முடிந்துவிட்டது என்று கேட்க வேண்டாம். ஊரில் ஒரு சின்ன கோ-ஆப் கடை, பால், ரொட்டி, முட்டை, காய் கிடைக்கும். அரிசி, பருப்பு, புளி, பொடி எல்லாம் லண்டனிலிருந்தே எடுத்துப் போங்கள், குக்கரையும் சேர்த்து. சைவம் மட்டும் என்றால் ஆம்பிள்சைடில் ஜெஃபிரெல்லிஸ் என்று முழு சைவ இத்தாலிய உணவகம் இருக்கிறது, சினிமா தியேட்டரோடு சேர்ந்தது, மழை மாலைக்கு நல்ல இடம். அசைவம் சாப்பிடுவீர்கள் என்றால் ஹெர்ட்விக் ஆட்டுக்கறி எங்கேயாவது மெனுவில் இருந்தால் விடாதீர்கள், நம் வெள்ளாட்டுக்கறி ருசிக்கு இங்கிலாந்தில் கிட்ட வருவது அதுதான் என்பது என் கட்சி.

புதர்ச் செடிகளுக்குள், முக்கியமாகப் பெரணி அடர்ந்த இடத்தில் நடந்துவிட்டு வந்தால் இரவு குழந்தையின் காலையும் முழங்கால் மடிப்பையும் பாருங்கள், உண்ணி ஒட்டியிருக்கலாம், அதிலிருந்து லைம் நோய் வரும். ஏரிக்கரையில் நீலப்பச்சைப் பாசி எச்சரிக்கைப் பலகை இருந்தால் தண்ணீரில் இறங்க வேண்டாம். பலகை இல்லாவிட்டாலும் மே மாதத் தண்ணீர் எலும்புவரை குளிரும், கரையிலிருந்து சட்டென்று ஆழமாகும். பண்ணைக் கதவு மூடியிருந்தால் மூடிவிட்டுப் போங்கள், திறந்திருந்தால் திறந்தே விடுங்கள்.

இதையெல்லாம் அங்கே போய் முடிவு செய்துகொள்ளலாம். ஹில் டாப் டிக்கெட் மட்டும் அப்படி இல்லை. நேரம் குறித்துத்தான் கொடுப்பார்கள், விடுமுறை வாரத்துக்கு முன்பதிவு சீக்கிரம் முடிந்துவிடும், நேஷனல் டிரஸ்ட் உறுப்பினராக இருந்தாலும் பதிவு செய்ய வேண்டும். இன்று இரவே பாருங்கள், காலை முதல் நேரம் கிடைத்தால் எடுங்கள்.